மூதூரில் எடுத்த கணக்கு ஜெனீவா வரை போக: சிறுவர் வறுமை ஆய்வில் புதிதாக இறங்குவோருக்கு

திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு குடும்பத்துக்கு அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறதா, கிடைத்தால் எவ்வளவு என்பதைப் பிரதேச செயலகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் இலங்கை செய்துகொண்ட ஏற்பாட்டில், சமூகப் பாதுகாப்புக்கான செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.6 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்ற அடிமட்டம் இருக்கிறது. அதே ஆண்டில் உலக வங்கி நலன்புரிக் கொடுப்பனவுகளுக்கென 20 கோடி டொலர் ஒதுக்கியது. ஆக, வாஷிங்டனில் எழுதப்படும் ஒரு வரி வெருகலில் ஒரு பிள்ளையின் காலைச் சாப்பாடு வரை வருகிறது. எதிர்த்திசையிலும் பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் எப்படிப் போவது என்பதையே இங்கே எழுதுகிறோம். பல்கலைக்கழக மாணவர்கள், சிறு அமைப்புகளில் வேலை செய்பவர்கள், ஆசிரியர்கள், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர்கள் என்று இந்த வேலைக்குப் புதிதாக வருவோருக்கானது இது.

முதலில் ஆவணம், பிறகு ஆய்வு

புதிதாக வருவோர் பெரும்பாலும் வினாக்கொத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி அறிக்கை எழுதி முடித்த பிறகு, இதை யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கிறார்கள். அப்படிச் செய்த வேலை அலுமாரியில்தான் கிடக்கும். எந்த ஆவணத்தில் எந்த வாக்கியம் மாறவேண்டும், அந்த ஆவணம் எப்போது எழுதப்படுகிறது என்ற இரண்டையும் முதலில் தீர்மானியுங்கள். வினாக்கொத்து அதற்குப் பிறகு வரட்டும்.

உங்கள் ஆய்வு உள்ளே போகக்கூடிய வாசல்கள் நான்கு. முதலாவது, ஐ.நா. சிறுவர் உரிமைகள் குழு. 18 சுயாதீன நிபுணர்கள் ஜெனீவாவில் வழக்கமாக ஆண்டுக்கு மூன்று அமர்வுகளாகக் கூடுகிறார்கள். சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. இலங்கை அதை 1991இல் ஏற்றது. அதன்படி அரசு காலத்துக்குக் காலம் அறிக்கை கொடுக்கவேண்டும். 5ஆம், 6ஆம் அறிக்கைகளை ஒன்றாகச் சேர்த்து 2018 ஜனவரியில் குழு பரிசீலித்தது. இரண்டாவது, மனித உரிமைகள் பேரவையின் உலகளாவிய காலாந்தர மீளாய்வு. ஒரு நாட்டின் மனித உரிமை நிலையை மற்ற நாடுகள் பரிசீலிக்கும் இது ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை வரும். இலங்கையின் நான்காவது சுற்று 2023 பெப்ரவரியில் நடந்தது. மூன்றாவது, நிலைபேறான அபிவிருத்தி இலக்குகள் பற்றிய தன்னார்வ தேசிய மீளாய்வு. இலங்கை இதை 2018இலும் 2022இலும் நியூயோர்க்கில் சமர்ப்பித்தது. நான்காவது, கடன் கொடுக்கும் நிறுவனங்கள் திட்டம் வகுக்கும்போது நடத்தும் கலந்தாலோசனைகள்.

முதல் தடவை என்றால் சிறுவர் உரிமைகள் குழுவின் வாசலைத் தெரிவுசெய்யுங்கள். சமவாயத்தின் 45ஆம் உறுப்புரை, அரசு சாராத தகுதியுள்ள அமைப்புகளிடமும் ஆலோசனை கேட்கக் குழுவுக்கு இடம் கொடுக்கிறது. நம்மிடையே நிழல் அறிக்கை என்று சொல்லும் மாற்று அறிக்கை அந்த வழியில்தான் உள்ளே போகிறது. வறுமை பற்றிப் பேசக் கைகொடுக்கும் உறுப்புரைகள் மூன்று. 26 சமூகப் பாதுகாப்பு. 27 போதிய வாழ்க்கைத்தரம். தேவை ஏற்படும்போது உணவு, உடை, உறைவிடம் தொடர்பாக அரசு பொருளுதவி செய்யவேண்டும் என்று அதன் 3ஆம் பந்தி சொல்கிறது. மூன்றாவது 4ஆம் உறுப்புரை. அரசு தன்னிடமுள்ள வளங்களின் உச்ச அளவுக்கும், தேவைப்படும் இடத்தில் சர்வதேச ஒத்துழைப்பின் வழியாகவும் இந்த உரிமைகளை நிறைவேற்றவேண்டும் என்கிறது அது. கொழும்பையும் கடன் கொடுப்பவர்களையும் ஒரே வாக்கியத்தில் கேள்வி கேட்க இந்த உறுப்புரை வழிவிடுகிறது. சிறுவர்களுக்கான அரச வரவுசெலவு பற்றிக் குழு 2016இல் வெளியிட்ட 19ஆம் இலக்கப் பொதுக் கருத்துரையையும் கூடவே வாசியுங்கள்.

ஆய்வு கொள்கையாக மாறுமா என்று சந்தேகப்படுவோருக்கு ஒரு முன்னுதாரணம். 2003இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் லண்டன் பொருளியல் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் யுனிசெப்புக்காக ஓர் ஆய்வு செய்தார்கள். வருமானத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, உணவு, நீர், மலசலகூடம், சுகாதாரம், உறைவிடம், கல்வி, தகவல் ஆகியவற்றில் பிள்ளைகளுக்கு எது கிடைக்கவில்லை என்று எண்ணினார்கள். 100 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இவற்றில் ஒன்றாவது கடுமையாக இல்லை என்று தெரிந்தது. 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை சிறுவர் வறுமையை விளக்கியபோது, வந்தது ஏறத்தாழ அதே பட்டியல். தகவல் விடுபட்டு, பங்கேற்பும் பாதுகாப்பும் சேர்ந்திருந்தன. அந்த ஆய்வின் பலம், ஒவ்வொரு அளவுகோலையும் சமவாயத்தின் உரிமைகளோடு பொருத்தி வைத்ததில் இருந்தது. அரசுகள் கையெழுத்திட்ட சொற்களிலேயே பேசியதால் அதைத் தட்டிக்கழிப்பது கடினமாயிற்று.

எதை வறுமை என்று எண்ணுவது

நீங்களாக ஒரு வரைவிலக்கணம் உருவாக்கவேண்டாம். உங்கள் எண்ணைத் தேசிய எண்ணோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாவிட்டால் ஜெனீவாவில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். இருப்பதில் இருந்து எடுங்கள்.

பண வறுமைக்குத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு இருக்கிறது. 2019 அளவீட்டின்படி அது தலைக்கு மாதம் 6,966 ரூபா, நாட்டில் 14.3 சதவீதத்தினர் அதற்குக் கீழே இருந்தார்கள். நெருக்கடிக்கு முந்திய எண் இது என்பதை மறக்கவேண்டாம். 2023இல் மக்களில் நாலில் ஒரு பங்கினர் வறுமையில் இருந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது. ஆனால் அது வேறு கோடு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு "இரட்டிப்பாகிவிட்டது" என்று எழுதினால், உங்கள் அறிக்கையில் பிழை தேடும் அதிகாரிக்கு முதல் பக்கத்திலேயே வேலை முடிந்துவிடும். உலக வங்கியின் அதிதீவிர வறுமைக் கோடும் 2025 ஜூனில் நாளுக்கு 2.15 டொலரில் இருந்து 3 டொலராக மாறியது. எந்த எண்ணை எழுதினாலும் எந்தக் கோடு, எந்த ஆண்டு என்று அதே வரியில் சேர்த்து எழுதுங்கள்.

பண வறுமை வீட்டை அளக்கிறது, பிள்ளையை அளக்காது. அதற்குப் பல்பரிமாண வறுமைச் சுட்டெண் வேண்டும். இலங்கையின் தேசிய சுட்டெண்ணில் கல்வி, சுகாதாரம், வாழ்க்கைத்தரம் சார்ந்த 10 குறிகாட்டிகள் இருக்கின்றன. 4 வயது வரையான பிள்ளைகளுக்கான தனிச் சுட்டெண், அவற்றோடு போஷாக்கின்மை, முன்பிள்ளைப் பருவ விருத்தி என்ற இரண்டைச் சேர்க்கிறது. இந்த 12ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

இவற்றுக்கு மேலதிகமாக ஒரு குறிகாட்டியைச் சேர்க்குமுன் அது நம் மாவட்டத்தில் வேறுபாட்டைக் காட்டுமா என்று கேளுங்கள். "பிள்ளை பாடசாலையில் பதிந்திருக்கிறதா" என்று கேட்டால் ஆரம்ப வகுப்பு வயதில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஆம் என்றுதான் பதில் வரும். கடந்த தவணையில் எத்தனை நாள் போனது என்று கேட்டால்தான் வறுமை தெரியும்.

கையில் இருக்கும் தரவு

வீட்டுக்கு வீடு போகுமுன் இருப்பதைத் திரட்டுங்கள். 2016 குடித்தொகை சுகாதார அளவீடு 5 வயதுக்குட்பட்டோரில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள் என்று காட்டியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் மாதாந்த நிறைப் பதிவுகள் இருக்கின்றன. திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் பாடசாலை வரவு பற்றிய தொகுப்புகள் இருக்கும்.

கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. குறித்த அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு வரவேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். கேள்வி குறுகியதாக இருக்கட்டும். "கிண்ணியாவின் சிறுவர் வறுமை பற்றிய தகவல்கள்" என்று கேட்டால் "அப்படி ஒன்றும் எம்மிடம் இல்லை" என்றுதான் பதில் வரும். "கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக, அஸ்வெசும பெறும் குடும்பங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு வகையிலும் தனித்தனியாக, இந்த ஆண்டு ஜனவரி மாதத்துக்கு" என்று கேட்டால் ஒரு தாளாவது வரும். பிள்ளைகளின் பெயர் உள்ள எந்தப் பட்டியலையும் கேட்கவும் வேண்டாம், யாராவது தந்தால் வாங்கவும் வேண்டாம்.

எத்தனை வீடு, எந்த மாதம்

மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். எல்லா இடமும் போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. 95 சதவீத நம்பகத்தோடு, கூட்டியோ குறைத்தோ 5 சதவீதப் புள்ளிக்குள் ஓர் எண் வேண்டும் என்றால் எளிய எழுமாற்று மாதிரிக்கு 385 வீடுகள் போதும். ஆனால் நீங்கள் கிராமம் கிராமமாகக் கொத்தாகப் போகப்போகிறீர்கள். ஒரே கிராமத்து வீடுகள் ஒன்றை ஒன்று ஒத்திருப்பதால் அதை 1.5ஆல் பெருக்குங்கள்: 578. பத்தில் ஒரு வீடு பதில் தராது என்று வைத்தால் ஏறத்தாழ 640. அதாவது 32 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 20 வீடுகள். பிரிவுகளை அவற்றின் சனத்தொகைக்கு விகிதமாக எழுமாற்றாகத் தெரிவுசெய்யுங்கள். வீட்டுப் பட்டியலை நீங்களே ஒரு நாள் நடந்து புதுப்பியுங்கள். மீள்குடியேறிய பகுதிகளிலும் கரையோர வாடிகளிலும் வாக்காளர் இடாப்பில் இல்லாத குடும்பங்கள் இருக்கும், வறுமை அங்கேதான் கூடுதலாக இருக்கும். பிள்ளை உள்ள வீடுகளை மட்டும் பிரித்து, அதில் இருந்து 20ஐ எடுங்கள்.

இந்த 640 வீடு முழு மாவட்டத்துக்கும் ஓர் எண்ணைத் தரும். மூதூரையும் கந்தளாயையும் ஒப்பிட அது போதாது. அந்த ஒப்பீடுதான் உங்கள் கேள்வி என்றால் ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவுக்கும் இதே அளவு வேண்டும். வசதி இல்லையென்றால் கேள்வியை மாற்றுங்கள்.

அடுத்தது மாதம். பெரும்பாலான அறிக்கைகள் சறுக்குவது இங்கேதான். நமது கரையில் வடகீழ்ப் பருவக்காற்று அடிக்கும் நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடல் கொந்தளிப்பு. சிறு வள்ளங்கள் பல நாட்கள் கரையில் கிடக்கும். ஏப்ரலில் போய்க் கேட்டால் வருமானம் இருக்கிறது, அடகு வைத்த நகைகூடத் திரும்பி வந்திருக்கும். உள்நாட்டில் தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் கதை வேறு. பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் முடியும். கையில் காசு இல்லாத காலம் அதற்கு முந்திய மாதங்கள். ஒரே ஒரு தடவை எடுக்கும் அளவீடு இந்த இரண்டில் ஒன்றை மறைத்துவிடும். ஆகவே அதே வீடுகளுக்கே டிசம்பரிலும் ஜூனிலும் இரண்டு தடவை போங்கள். வேறு வேறு வீடுகளை எடுத்தால், 40 சதவீதம் 46 ஆனாலும் அது உண்மை மாற்றமா தற்செயலா என்று இந்த அளவு மாதிரியில் சொல்லமுடியாது. அதே பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தால் சிறிய மாற்றமும் தெரியும். எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் நாடுகளில் 12,000 பிள்ளைகளைச் சிறுவயதில் இருந்து தொடர்ந்துவரும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் நீண்டகால ஆய்வுக்கு உலகில் இருக்கும் மதிப்பு, அதே பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பப் போனதால் வந்தது. நோன்பு மாதத்தில் உணவு பற்றிக் கேட்கவேண்டாம். சித்திரைப் புத்தாண்டு வாரத்திலும் வேண்டாம்.

வீட்டு வாசலில்

தகவல் சேகரிப்போர் தமிழும் சிங்களமும் தெரிந்த குழுவாக இருக்கவேண்டும். கோமரங்கடவலைக்கும் சேருவிலைக்கும் தமிழ் மட்டும் போதாது. கிண்ணியாவிலும் மூதூரிலும் தாய்மாரிடம் பெண்களே பேசவேண்டும். வெருகல் பக்கம் கரையோர வேடர் குடும்பங்களிடம் போகும்போது முதலில் ஊர்ப் பெரியவரைச் சந்தித்து விளக்குங்கள்.

கோப்பும் பேனாவுமாக வாசலில் நிற்பவரைக் கண்டதும் இது அஸ்வெசும பதிவு என்றுதான் வீட்டார் நினைப்பார்கள். நினைத்தால் பதில்கள் மாறிவிடும். இருக்கிற மோட்டார் சைக்கிள் இல்லாமல் போகும். "இந்தப் பதிலால் உங்களுக்குக் கொடுப்பனவு கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், முடிவிலும் ஒருமுறை சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடம் அனுமதி பெறுங்கள், ஆனால் அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போகவேண்டாம்.

பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் விருப்பத்தையும் தனியாகக் கேட்கவேண்டும். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்கவேண்டாம். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் ஒரு விரிவுரையாளரைச் சேர்த்துக்கொண்டால் இந்த வழி இலகுவாகும். ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவது தெரியவந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். ஒவ்வொரு சேகரிப்பாளரிடமும் அது இருக்கவேண்டும்.

உணவுப் பற்றாக்குறைக்கு உலக உணவு விவசாய அமைப்பின் எட்டுக் கேள்வி அளவுகோலைக் கடந்த 30 நாட்களுக்கு என்று கேளுங்கள். அயலவர் நிற்கும்போது பசியை யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், தனியிடம் வேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளின் விருத்திக்கு யுனிசெப்பின் 20 கேள்விகள் இருக்கின்றன.

உயரம் அளப்பதில் கவனம் வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்கவைத்து அளக்கவேண்டும், இரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளையை நிறுத்தி அளக்கவேண்டும். மாறி அளந்தால் ஏறத்தாழ 0.7 சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும். அது ஒரு பிள்ளையைக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளப் போதும். இரண்டு தடவை அளந்து, வேறுபட்டால் மூன்றாம் தடவை அளவுங்கள். வயதைத் தாயிடம் கேட்டு எழுதவேண்டாம், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் உள்ள பிறந்த திகதியைப் பாருங்கள். "மூன்று வயது" என்று சொன்ன பிள்ளைக்கு இரண்டு வயதும் எட்டு மாதமும் என்றால், சரியான உயரத்தில் இருக்கிற பிள்ளை குட்டையாகிவிடும்.

கணக்கு

ஒவ்வொரு பிள்ளையும் பின்தங்கியிருக்கும் குறிகாட்டிகளின் நிறைகளை, அதாவது சுட்டெண்ணில் அவற்றுக்குக் கொடுத்திருக்கும் பங்குகளை, கூட்டுங்கள். கூட்டுத்தொகை தேசிய வெட்டுப்புள்ளியை எட்டினாலோ தாண்டினாலோ அந்தப் பிள்ளை பல்பரிமாண வறுமையில் இருக்கிறது. பேச்சுக்கு, 400 பிள்ளைகளில் 100 பேர் அப்படி என்றால் வறியவர் வீதம் 25 சதவீதம். அந்த 100 பேரும் சராசரியாகக் குறிகாட்டிகளின் 40 சதவீதத்தில் பின்தங்கியிருந்தால் தீவிரம் 0.40. இரண்டையும் பெருக்கினால் சுட்டெண் 0.10. உதவி கிடைத்தும் வீதம் குறையாமல் தீவிரம் மட்டும் குறைவது உண்டு. அதையும் எழுதுங்கள், அந்த உதவி பயனற்றது என்று யாரும் சொல்லாதிருக்க அது தேவை.

பத்துப் பேருக்குக் குறைந்த எந்தப் பிரிவையும் அட்டவணையில் தனியாகக் காட்டவேண்டாம். சிறிய ஊரில் "தந்தை இல்லாத, மாற்றுத்திறனாளியான, 9 வயதுப் பெண்பிள்ளை" என்றால் அது யாரென்று ஊருக்கே தெரியும்.

எழுதுவது

குழுவின் நிபுணர் பல நாடுகளின் கோப்புகளைச் சில வாரங்களில் வாசிக்கிறார். அவருக்குத் தேவை, அரசப் பிரதிநிதியிடம் கேட்கக்கூடிய ஒரு கேள்வியும், பரிசீலனை முடிவில் குழு வெளியிடும் இறுதி அவதானிப்பில் போடக்கூடிய ஒரு பரிந்துரையும். இரண்டையும் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

"அரசாங்கம் சிறுவர் வறுமையை ஒழிக்க முன்வரவேண்டும்" என்பது பரிந்துரை ஆகாது. யார், என்ன, யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற ஐந்தும் வேண்டும். உதாரணமாக: "சமவாயத்தின் 26, 27ஆம் உறுப்புரைகளின்படி, நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடற்றொழில் தடைப்படும் பிரதேச செயலகப் பிரிவுகளில், 5 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள அஸ்வெசும குடும்பங்களுக்கு அந்த நான்கு மாதமும் மேலதிகக் கொடுப்பனவு வழங்க நலன்புரி நன்மைகள் சபை ஏற்பாடு செய்யவேண்டும்." பிறகு செலவு. 3,000 குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபா என்று வைத்தால் நான்கு மாதத்துக்கு 6 கோடி ரூபா. செலவுக் கணக்கு இல்லாத பரிந்துரையை நிதியமைச்சு வாசிக்காது, கடன் கொடுப்பவர்களும் வாசிக்கமாட்டார்கள்.

ஆங்கிலத்தில் அனுப்பவேண்டி வரும். ஆனால் முதலில் தமிழில் முழுமையாக எழுதி, தகவல் தந்த ஊர்களில் சிலரிடம் வாசித்துக் காட்டுங்கள். "இது எங்கள் கதை இல்லையே" என்று அவர்கள் சொன்னால் திருத்தவேண்டியது அறிக்கையைத்தான்.

உலகளாவிய காலாந்தர மீளாய்வுக்குத் தனி அமைப்பு என்றால் 2,815 சொற்கள், கூட்டாக என்றால் 5,630 சொற்கள் என்பது வரம்பு. கூட்டாகப் போவதே நல்லது. மட்டக்களப்பு, அம்பாறை அமைப்புகளோடு சேர்ந்தால் சொற்களும் கூடும், கிழக்கு மாகாணம் முழுவதன் குரல் என்ற பலமும் சேரும். சிறுவர் உரிமைகள் குழுவுக்கு மாற்று அறிக்கைகள் அரச பரிசீலனைக்குப் பல மாதங்கள் முன்னரே போய்ச் சேரவேண்டும். அதன் பிறகு நடக்கும் முன்னமர்வில்தான் அரசிடம் கேட்கும் கேள்விப் பட்டியல் தயாராகிறது. பட்டியல் வெளியான பின் அனுப்பினால் பாதி வாய்ப்புப் போய்விடும். திகதிகளையும் வரம்புகளையும் மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்தின் தளத்தில் மாதம் ஒருமுறை பார்த்து, சுவரில் எழுதி வையுங்கள்.

அனுப்பிய பிறகு

இறுதி அவதானிப்பு வெளியானதும் உங்கள் பொருள் எந்தப் பந்தியில் வந்திருக்கிறது என்று குறியுங்கள். அந்தப் பந்தியைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கமாக எழுதி மாவட்டச் சிறுவர் அபிவிருத்திக் குழுவிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்திலும் முன்வையுங்கள். மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஐந்து ஆண்டுகளாகத் தள்ளிப்போன ஒரு விடயம் ஜெனீவாவின் ஒரு பந்தியோடு மேசைக்கு வரும்போது நிகழ்ச்சிநிரலில் ஏறும். உங்கள் பொருள் வராமல் போயிருந்தால் அதே தரவை அடுத்த வாசலுக்குச் சுருக்கி எழுதுங்கள். ஒவ்வொரு விடயத்தையும் தனியாக ஆராயும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர்கள் தகவல் கேட்டு விடுக்கும் அழைப்புகள் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கும். கடன் திட்டங்களின் கலந்தாலோசனைகளுக்கு இரண்டு பக்கக் குறிப்பே போதும்.

பெயர்களை நீக்கிய தரவுக் கோப்பு, வினாக்கொத்து, மாதிரி எடுத்த முறை ஆகிய மூன்றையும் இரண்டு வேறு இடங்களில் பாதுகாத்து வையுங்கள். யாராவது "இந்த எண் எங்கிருந்து வந்தது" என்று கேட்பார்கள். சிலவேளை மூன்று ஆண்டு கழித்துக் கேட்பார்கள், அதற்குள் ஆய்வு செய்தவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். பெயரும் முகவரியும் உள்ள தாள்களைத் தனியாகப் பூட்டி வைத்து, இரண்டாம் சுற்று முடிந்து சரிபார்த்ததும் எரித்துவிடுங்கள்.